கால் அறிந்த இரும்பு

பழைய வீடுகளிலே புழங்கும் பொருள்கள் நாளடைவில் தம்மை ஆண்டவரின் சாயலைப் பெற்றுவிடுகின்றன. பாட்டி அரைத்த அம்மியின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அவள் கையின் வீச்சு எவ்வளவோ அவ்வளவே அப்பள்ளத்தின் நீளம். மண்வெட்டிப் பிடியிலே பாட்டனாரின் உள்ளங்கை வழவழப்பாகப் பதிந்திருக்கும். மைப்பேனாவை இரவல் கொடாதே என்று பெரியவர்கள் சொன்னதும் இதுபற்றியே. முள் ஒருவர் கைச் சாய்வுக்குத் தேய்ந்தபின் மற்றொருவர் கைக்கு இணங்காது. ஆனால் யந்திரங்களைப்பற்றி நாம் இவ்வாறு எண்ணுவதில்லை. தொழிற்சாலையிலே ஆயிரக்கணக்கில் ஒரே அச்சாக வார்த்தெடுக்கப்படும் பொருளில் ஒரு தனி மனிதரின் சாயல் எங்ஙனம் ஏறும் என்று கருதுகிறோம். அக்கருத்து முழுவதும் சரியன்று என்பதற்கு, எங்கள் குடும்பத்துப் பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிளின் இடப்பக்கத்தில் இருந்த ஒரு சாணுக்குச் சற்று மிகுந்த இரும்பு சான்றாக விளங்கியது. அதைக் கழற்றி வேறொன்று பூட்டிய வரலாற்றையே இங்கு எழுதப் புகுகிறேன்.

அந்த இரும்புக்குக் கியர் லீவர் என்று பெயர். கியர் எதற்கு என்று இளம் வாசகர் ஒருவர் கேட்பாராயின், மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவஸ்டன் மலைக்கு ஏறும் பாதையை அவருக்குக் காட்டிவிடலாம். ஏற்றத்திலே யந்திரம் பலமுறை சுழன்று, சக்கரம் மெதுவாக, ஆனால் வலிமையோடு உருளவேண்டும். சமதரையிலே அதே யந்திரம் அலட்டிக்கொள்ளாமல் சக்கரத்தை விரைவாக உருட்டவேண்டும். இறக்கத்திலோ தாழ்ந்த கியர் வண்டியைப் பின்னின்று இழுத்துப் பிடித்து, பிரேக்குக்குத் துணை நிற்கவேண்டும். இம்மூன்று நிலைக்கும் ஏற்பப் பற்சக்கரங்களை மாற்றித் தருவதே இந்த லீவரின் தொழில்.

அது காலடிக்கு வந்துசேர்ந்ததே பிற்காலத்தில்தான். தொடக்கத்தில் பெற்றோல் தாங்கியின் பக்கத்தில் ஒரு தடி இருக்கும். ஓட்டுபவர் ஒரு கையை எடுத்து அதைத் தள்ளவேண்டும். 1928ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் வெலோசெட் கம்பனியைச் சேர்ந்த ஹரோல்ட் வில்லிஸ் என்பவர், ஒரு மிதிக்கு ஒரு கியர் மட்டும் மாறி, மிதி தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பும் அமைப்பை வகுத்தார். கால் தேடி அலையவேண்டிய தேவை அதனால் ஒழிந்தது. ஆங்கிலேயருடைய பி.எஸ்.ஏ., டிரயம்ப் முதலிய வண்டிகளில் இந்த மிதி பெரும்பாலும் வலப்பக்கத்தில் இருந்தது. 1955இல் சென்னையில் உற்பத்தி தொடங்கிய என்பீல்ட் புல்லட்டும் அவ்வழியையே பின்பற்றியது. ஜப்பானியர் இடப்பக்கத்தைத் தெரிந்தெடுத்தனர். 1974 செப்டெம்பர் முதல் தன் நாட்டில் விற்கப்படும் வண்டிகளில் கியர் இடக்காலில் இருக்கவேண்டும் என்று அமெரிக்கா விதித்தது; அங்கே விற்க விரும்பிய கம்பனிகள் எல்லாம் தங்கள் வண்டிகளை அதற்கேற்ப மாற்றின. ஒரு நாட்டின் விதி உலகெங்கும் உள்ளோர் காலின் பழக்கத்தையே மாற்றிவிட்டது!

எங்கள் வண்டி ஹொண்டா கம்பனியின் 'சூப்பர் கப்' இனத்தைச் சேர்ந்தது. அவ்வினத்தின் முதல் வண்டி 1958 ஒகஸ்டில் வெளிவந்தது. 2017இல் அதன் உற்பத்தி 10 கோடியை எட்டியது. நம் நாட்டில் 'எம்.டி. 90' என்று வழங்கும் வண்டி, ஜப்பானில் தபால் பகிர்வோருக்கென ஆக்கப்பட்ட அதன் உடன்பிறப்பு. ஒரு கையில் உணவுத் தட்டைத் தாங்கி, மற்றக் கையால் ஓட்டிச் செல்லும் கடைப் பையன்களுக்கும் உதவக்கூடியதாக இவ்வண்டியை அமைக்கவேண்டும் என்பது அதன் தந்தையான சொய்ச்சிரோ ஹொண்டாவின் எண்ணமாம். ஆகவே இதிலே கையால் இழுக்கும் கிளச் கிடையாது. கியர் மிதியே கிளச்சையும் இயக்குகிறது. முன்பக்கத்தைக் கால்விரற் பகுதியால் மிதித்தால் கியர் ஏறும். பின்பக்கத்தைக் குதிகாலால் மிதித்தால் இறங்கும். மிதித்த கணத்தில் முதலிற் கிளச் விலகும். அதன்பின் பற்சக்கரம் மாறும். காலை மெல்ல எடுக்கக் கிளச் மீண்டும் பற்றிக்கொள்ளும். ஒரு மிதிக்குள் மூன்று செயல்கள் அடங்கியிருப்பதால், மிதி தன் முழுத் தூரமும் போய்வருவது இன்றியமையாதது. பாதி மிதித்தால் கிளச் சரிவர விலகாமல் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று கடிக்கும், வண்டி உதறும். இக்கட்டுரையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது என்பதை வாசகர் நினைவில் இருத்தவேண்டும்.

நிற்க. இந்த வண்டிக்கு உரியவர் என் தாய்மாமன். மிளகு, கராம்பு, சாதிக்காய் ஆகியவற்றை ஊரூராகச் சென்று வாங்கி, மாத்தளைக் கடைகளுக்குக் கொண்டுவந்து கொடுப்பது அவர் தொழில். உக்குவளை, எல்கடுவை, இரத்தோட்டை என்று அவர் வண்டி போகாத மலைச்சரிவு இல்லை. ஒரு மழைக்காலத்தில் பாசி படிந்த பாறையில் வழுக்கி விழுந்து அவருடைய இடது கணுக்கால் முறிந்தது. எலும்பு கூடியது; மடக்கம் திரும்பவில்லை. முழங்காலையும் தொடையையும் தூக்கி ஓங்கி மிதிக்க முடியும். பாதத்தை மட்டும் தாழ்த்தி விரலால் அழுத்தமுடியாது. ஏறத்தாழ எட்டு மாதம் வண்டி தாழ்வாரத்திலே நின்றது.

அப்பொழுது மாத்தளையில் ஒரு பட்டறைக்காரர் மாமாவை வண்டியில் உட்காரவைத்து, அவர் காலை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். பின்பு லீவரின் முன்கையை அறுத்து, 12 சென்ரிமீற்றராக இருந்ததை 18 ஆக நீட்டி, நுனியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகட்டைப் பற்றவைத்தார். பின்கையை மேலே உயர்த்தி வளைத்தார். கணுக்கால் மடங்காமலே காலைத் தூக்கி வைத்தால் கியர் மாறும் வண்ணம் அந்த இரும்பு மாமாவின் காலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் ஆயிற்று. மறுவாரமே அவர் மூட்டையோடு வீடு திரும்பினார்.

நெம்புகோலை வகுப்பிலே கற்பிக்கும்போது யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் துலாவைக் காட்டுவது ஆசிரியர்களின் வழக்கம். நம் வீட்டு மூலையில் கிடக்கும் அலவாங்கும் நல்ல உதாரணமே. அச்சொல் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது, அவர்கள் மொழியில் அதற்கு நெம்புகோல் என்றே பொருள். கை நீண்டால் வேண்டிய விசை குறையும். போகவேண்டிய தூரம் கூடும். 12ஐ 18 ஆக்கியபோது மாமாவுக்கு வேண்டிய விசை மூன்றில் இரண்டாகக் குறைந்தது. கால் போகவேண்டிய தூரம் ஒன்றரை மடங்காயிற்று. ஆனால் காலுக்கு எளிதானது தண்டுக்கு எளிதாகவில்லை. அவர் விரலால் மெல்ல அழுத்துபவர் அல்லர். முழுக்காலாலும் ஓங்கி மிதிப்பவர். நீண்ட கையில் விழுந்த அந்தப் பாரம், யந்திரத்தினின்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டின் பற்களை ஆண்டுக்கணக்கில் முறுக்கியது. லீவரின் கழுத்து அந்தப் பற்களைக் கவ்வித்தான் நிற்கிறது. பற்கள் தேய்ந்தன; லீவர் வழுக்கத் தொடங்கியது. ஓர் அவசர நாளில் வேறொரு கராஜில் லீவரின் கழுத்தைத் தண்டோடு இரண்டு இடத்தில் வெல்டிங் செய்துவிட்டார்கள். வழுக்கல் நின்றது. வெல்டிங் சூட்டில் உள்ளே இருந்த ஒயில் சீல் இறுகி வெடித்து, அன்றுமுதல் இடப்பக்கத்தில் எண்ணெய் கசியத் தொடங்கியது.

மாமா காலமானபின் வண்டி தார்ப்பாயின்கீழ்க் கிடந்தது. 2020 மார்ச்சிலே நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், 2022இல் எரிபொருள் பங்கீட்டின்போது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று அளந்து கொடுத்ததும் யாவரும் அறிந்ததே. சிறிது பெற்றோலில் நெடுந்தூரம் ஓடும் இத்தகைய பழைய வண்டிகளுக்கு அக்காலத்தில் ஒரு புது மதிப்பு வந்தது. 2025இல் இறக்குமதி மீண்டும் தொடங்கியபோதும், புதிய வண்டியின் விலை புதிதாகத் தொழிலில் சேர்ந்தவருக்கு எட்டுவதாயில்லை. மாமாவின் பேத்தி, எனக்கு மருமகள் முறையானவள், இரத்தோட்டைக்கு அப்பால் ஒரு பாடசாலையில் ஆசிரியையாக நியமனம் பெற்றாள். பஸ்ஸோ நேரத்துக்கு வருவதில்லை. சேலை உடுத்தவர் ஏறி அமர்வதற்கு ஏற்றவாறு நடுப்பகுதி தாழ்ந்திருப்பது இவ்வண்டியின் மற்றொரு சிறப்பு. ஆகவே தாத்தாவின் வண்டியையே ஓட்டுவது என்று அவள் முடிவுசெய்தாள்.

முற்றத்திலே அவள் ஏறி அமர்ந்தபோது, வண்டி அவளுக்கு உரியதன்று என்பது புலனாயிற்று. முன் தகடு எட்டவேண்டுமானால் கால்தாங்கியிலிருந்து பாதத்தை எடுத்து முன்னே நீட்டவேண்டும். எட்டியபின்னும் முழுத் தூரம் அழுத்தமுடியவில்லை. கிளச் பாதி விலகி வண்டி உதறியது. உயர்த்தி வளைத்த பின்கையில் அவள் குதிகால் படவேயில்லை. ஏற்றத்தில் இடர்ப்பட்டால் வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான். இறக்கத்தில், வளைவொன்றின் தலைப்பில், தாழ்ந்த கியருக்கு இறக்க முடியாமற்போனால் நிலைமை வேறு. லீவரை மாற்றியே தீரவேண்டும் என்று நான் சொன்னேன்.

அத்தை திண்ணையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அவர் கால் பட்ட இரும்பு, தம்பி. அதை அறுத்துப் போட்டுத்தான் ஓட்டணுமா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு நெம்புகோல் விதியில் விடை இல்லை. அத்தைக்கு அது லீவர் அன்று. எட்டு மாதம் வருமானமின்றிக் கிடந்த வீட்டில் மறுபடியும் அடுப்பு ஒழுங்காக எரிவதற்குக் காரணமான பொருள் அது. பட்டறைக்காரருக்குக் கொடுத்த கூலி தம்முடைய உண்டியற் காசு என்பதையும் அன்றுதான் சொன்னார். வீட்டில் அவருடைய புகைப்படம் இருக்கிறது, கணக்குப் புத்தகம் இருக்கிறது. ஆனால் அவர் எப்படி நடந்தார், எப்படிக் காலை எடுத்து வைத்தார் என்பதை வைத்திருக்கும் பொருள் இந்த ஒன்றுதான். இதை வெறும் பழமைப்பற்று என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை.

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பின்னர் மருமகள் சொன்னாள்: "அது தாத்தா காலுக்குச் செய்தது, பாட்டி. என் கால் வேற."

அவள் சொன்னதில் மறுப்பும் இல்லை, அவமதிப்பும் இல்லை. மாமா செய்தது என்ன? கம்பனி செய்த அச்சுக்குத் தம் காலை வளைக்க முடியாதபோது, இரும்பைத் தம் காலுக்கு வளைத்தார். இன்று அவர் பேத்தி கேட்பதும் அதே நியாயத்தைத்தான். அவருடைய லீவரை அப்படியே வைத்து அவளை அதற்கு இணங்கச் செய்வோமாயின், அவர் செய்த பொருளைக் காத்து, அவர் செய்த செயலைக் கைவிட்டவர்கள் ஆவோம். மறுநாட் காலையில் அத்தையே என்னை அழைத்தார். "மாத்துங்க. ஆனா பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுடக் கூடாது" என்றார்.

இனி வேலையைச் சொல்கிறேன். சாதாரணமாக இந்த லீவரைக் கழற்றுவது பத்து நிமிடக் காரியம். முதலில் மண்ணும் எண்ணெயும் போகத் துடைத்து, லீவரின் கழுத்திலும் தண்டின் முனையிலும் நேர்க்கோடாக ஓர் அடையாளம் இடவேண்டும். கழுத்தை இறுக்கும் சிறு திருகாணியைப் பத்தாம் நம்பர் ஸ்பானரால் முழுவதும் கழற்றி வெளியே எடுக்கவேண்டும். பல வண்டிகளில் அத்திருகாணி தண்டில் உள்ள ஒரு பள்ளத்தின் வழியே செல்வதால், தளர்த்தினால் மட்டும் போதாது. பின்பு கழுத்தின் பிளவை மெல்ல அகட்டி நேராக இழுத்தால் லீவர் வந்துவிடும். துரு பிடித்திருந்தால் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விட்டுவைக்கலாம். சுத்தியலால் தண்டை உட்பக்கமாக அடிப்பது மட்டும் கூடாது. தண்டு யந்திரத்தை ஊடுருவி வலப்பக்கம்வரை செல்கிறது. கிளச்சை விலக்கும் உறுப்பு அங்கே அதனோடு பிணைந்திருக்கிறது. இங்கே விழும் அடி அங்கே போய்ச் சேரும்.

எங்கள் வண்டியில் வெல்டிங் இருந்தபடியால் அது பத்து நிமிடத்தில் முடியவில்லை. கண்டி வீதிக்கு அருகே ஒரு கராஜில், தலை நரைத்த பாஸ் ஒருவர் வேலையை ஏற்றார். கைவினைஞரைப் 'பாஸ்' என்று நாம் அழைப்பது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். அவர் லீவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது ஆளைப் பார்த்துச் செய்த வேலை, சேர்" என்று முன்கையைக் காட்டினார். கழுத்தைக் காட்டி, "இது மணிக்கூட்டைப் பார்த்துச் செய்த வேலை" என்றார். வேறு விமரிசனம் அவர் செய்யவில்லை.

யந்திரத்தைச் சுற்றி ஈரச் சாக்கும் தகரமும் மறைத்து, மெல்லிய கிரைண்டர் தட்டினால் கழுத்தின் பிளவு வழியாகவும், அதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலும் நீளவாட்டில் அறுத்தார். தண்டின் உலோகம் வெளிப்படும் முன் நிறுத்தி, மிச்சத்தை அரத்தால் ராவினார். முடிவில் கழுத்து கச்சான் கோதுபோல் இரண்டாகப் பிளந்தது. உள்ளே தண்டின் பற்கள் பாதி மழுங்கியும் பாதி வெல்டிங்கில் உருகியும் இருந்தன. அவற்றின்மேல் புதிய லீவரைப் பூட்டினால் சில மாதங்களில் அதுவும் வழுக்கும். மீண்டும் வெல்டிங்கே கதியாகும். ஆகவே தண்டையும் மாற்றுவது என்று தீர்மானித்தோம். நல்ல நிலையில் உள்ள பழைய தண்டும், மாற்றம் செய்யப்படாத லீவரும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைத்தன. வாகன உதிரிப்பாகம் தேடுவோருக்கு அத்தெருவைப்பற்றி நான் சொல்லவேண்டியதில்லை.

எண்ணெயை வடித்து, வலப்பக்க மூடியைத் திறந்து, கிளச்சைக் கழற்றியபின் பழைய தண்டை அப்பக்கமாக இழுத்தெடுத்தார். இடப்பக்கத்தில் புதிய ஒயில் சீல் பொருத்தினார். புதிய தண்டைச் செலுத்துமுன் அதன் பற்களின்மேல் மெல்லிய நாடாவைச் சுற்றி எண்ணெய் பூசினார். கூரிய பற்கள் சீலின் மெல்லிய உதட்டைக் கீறிவிட்டால், மாற்றிய வேலையே வீணாகும் அன்றோ? எல்லாம் பூட்டியபின் வலப்பக்க மூடியிலுள்ள கிளச் திருகைச் சரிசெய்தார். தடை தட்டும்வரை திருப்பி, அங்கிருந்து எட்டில் ஒரு சுற்று திரும்பவிட்டு, சுரையை இறுக்கினார். வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்திப் பின்சக்கரத்தைச் சுழலவிட்டு, கியர்களை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

கடைசி வேலை லீவரைப் பூட்டுவது. அதற்கு மருமகளே வரவேண்டும் என்றும், பாடசாலைக்குப் போடும் செருப்பையே அணிந்து வரவேண்டும் என்றும் பாஸ் சொல்லியனுப்பியிருந்தார். முதலில் லீவரின் இரு கைகளும் ஏறத்தாழச் சமமட்டமாக நிற்குமாறு பூட்டினார். அவள் அமர்ந்து பார்த்து, விரற்பகுதி சரி, குதிகால் சற்று உயரத் தேடவேண்டியிருக்கிறது என்றாள். திருகாணியைக் கழற்றி, லீவரை இழுத்து, ஒரு பல் மட்டும் பின்புறமாகச் சாய்த்து மறுபடி பூட்டினார். இப்பொழுது சரி என்றாள். அவள் பாட்டனாருக்காக ஒரு பட்டறைக்காரர் அரைமணி நேரம் செய்ததையே இவரும் ஒரு பல்லளவில் செய்தார் என்பதை நான் அங்கேயே எண்ணிக்கொண்டேன்.

பழைய வண்டி வைத்திருக்கும் இளைஞர்களுக்குச் சில சொற்கள். தேவைக்கேற்ப ஒரு பொருளை மாற்றுவதில் தவறேதும் இல்லை. அது அறிவுடைய செயல். ஆனால் மாற்றத்தில் இரண்டு வகை உண்டு. நீட்டிய கையும் அகன்ற தகடும் ஒரு திருகாணியால் நின்றவரை, அவை மாமாவுக்கு உதவின. அடுத்தவருக்குத் தடையாகவும் இல்லை. எவரும் கழற்றி வேறு பூட்டலாம். அதைத் தண்டோடு பற்றவைத்த அன்றுதான், தமக்குப்பின் வேறொரு கால் அங்கே வரும் என்பதை அந்த வேலை மறந்துவிட்டது. ஆதலால் மாற்றம் செய்வோர் கழற்றத்தக்கதாகச் செய்க. கழற்றிய மூலப் பகுதியைத் துணியிற் சுற்றித் தேதியிட்டு வைக்க. பற் தேய்ந்தால் பல்லை மாற்றுக; பற்றவைத்து நாளைக் கடத்தற்க. வெல்டிங் தவிர்க்கமுடியாததாயின் உறுப்பை வண்டியினின்றும் கழற்றி வெளியே வைத்துச் செய்க. மின்கலத்துக்கும் சீலுக்கும் அது நலம். இல்லத்திலே முன்னோர் வகுத்துவைத்த வழக்கங்களுக்கும் இது பொருந்துமா என்று கேட்பவர்கள் தாமே சிந்தித்துக்கொள்ளலாம்.

அறுத்தெடுத்த லீவரை நான் அத்தையிடம் கொடுத்தேன். அவர் அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெயிலில் உலர்த்தி, மாமாவின் கணக்குப் புத்தகங்கள் இருக்கும் தகரப் பெட்டிக்குள் வைத்தார். கழுத்து பிளந்திருந்தாலும் முன்கையும் தகடும் அப்படியே இருக்கின்றன. தகட்டின் ஒரு மூலை மட்டும் மற்றவற்றைவிட மிகுதியாகத் தேய்ந்திருக்கிறது. மாமாவின் கால் வந்து விழுந்த இடம் அது. மருமகள் இப்பொழுது நாள்தோறும் அந்த வண்டியிலேயே பாடசாலைக்குப் போய் வருகிறாள். புதிய லீவரின் ரப்பரில் இன்னும் அடையாளம் ஏதும் விழவில்லை.